மாதவிலக்கு வலிக்கு மாக்ஸா: யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு சூடு

மாதவிலக்கு நாளில் அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தால் வலி இறங்குகிறதா, ஏறுகிறதா? மூலிகைப் பஞ்சைக் கொளுத்திச் சூடு காட்டும் சீன முறையான மாக்ஸாவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். இறங்கினால் மேலே படியுங்கள். ஏறினால் மாக்ஸா உங்களுக்கானது இல்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீடுகளில் அடிவயிறு வலித்தாலே 'சூட்டு வலி' என்றுதான் பேச்சு. வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பது, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவுவது, இளநீர் வாங்கித் தருவது எல்லாம் அந்தக் கணக்கில்தான். சீன மருத்துவமோ மாதவிலக்கு வலியில் ஒரு பெரும் பங்கைக் குளிர்ச்சியின் தலையில் போடுகிறது. குளிர்ச்சி சுருக்கும், சுருங்கிய இடத்தில் ரத்தமும் உயிர்ச்சக்தியும் தேங்கும், தேங்கினால் வலிக்கும் என்பது அதன் வாதம். தேங்கியதை நகர்த்த, உலர்த்திய மூலிகைப் பஞ்சைக் கொளுத்தி அதன் வெதுவெதுப்பைத் தோலுக்குச் சற்று மேலே காட்டுவதே மாக்ஸா. ஆக, ஒரே பெண்ணின் வலியை அம்மா சூடு என்பார், அக்குபங்சர் படித்தவர் குளிர்ச்சி என்பார். பெயரில் சண்டை போடாமல் அடையாளங்களைப் பாருங்கள்.

குளிர்ச்சி வகையில் வலி இழுத்துப் பிடிக்கும், ஒத்தடத்துக்கு அடங்கும். உதிரம் கருஞ்சிவப்பாக, சிறு கட்டிகளோடு, தயங்கித் தயங்கி வரும். பாதமும் விரல்களும் ஜில்லென்று இருக்கும். நாக்கு வெளிறி, மேலே வெள்ளைப் படிவு தெரியும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலில் ஈரச் செடிகளுக்குள் நின்று பூப்பறிக்கும் பெண்களும், ஓசூர் தொழிற்சாலைகளில் ஏசி ஓடும் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களும் இந்த அடையாளங்களைச் சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சூட்டு வகையில் உதிரம் பளிச்சென்ற சிவப்பில் நிறையப் போகும், நாள் முந்தி வரும். வாய் வறளும், மலம் இறுகும், நாக்கு சிவந்து மஞ்சள் படிவோடு இருக்கும். இவர்களுக்கு மாக்ஸா காட்டினால் போக்கு அதிகமாகும், தூக்கம் கெடும் என்று சீன மரபே எச்சரிக்கிறது. இரண்டு பக்க அடையாளமும் கலந்திருந்தால் வயிற்றில் காட்ட வேண்டாம். காலில் மட்டும், குறைந்த நேரம் காட்டிப் பார்க்கலாம்.

முதலில் ஆஸ்பத்திரி போக வேண்டியவர்கள்

மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு பெரும்பாடு, 7 நாளைத் தாண்டியும் நிற்காத போக்கு, இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் உதிரம் படுவது, மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் சரி, இவையெல்லாம் ஸ்கேனும் டாக்டரும் பார்க்க வேண்டியவை. காய்ச்சலோடு வலி, நாற்றமும் அரிப்பும் உள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை தொற்றின் அடையாளம். தொற்றுக்குச் சூடு காட்டக் கூடாது.

நாள் தள்ளிப்போனால் மாக்ஸா வைத்து வரவழைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். முதலில் மருந்துக்கடையில் கிட் வாங்கிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றல் என்றால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கட்டி கட்டியாகப் போகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது நல்லது. குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரைதான் மருந்து. மாக்ஸா ரத்தத்தை ஊற வைக்காது.

என்ன வாங்குவது

சுருட்டு மாதிரி காகிதத்தில் சுற்றி வரும் மாக்ஸா ஸ்டிக்தான் வீட்டுக்கு ஏற்றது. வழக்கமான அளவு 20 செ.மீ. நீளம், 1.8 செ.மீ. தடிமன். பெரும்பாலும் பெட்டிக்கு 10 இருக்கும். அக்குபங்சர் பொருள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது.

உள்ளே இருப்பது ஆர்டிமீசியா இனத்துச் செடியின் இலை. உலர்த்தி, இடித்து, சலித்து, திரும்பவும் இடித்துச் சலித்தால் காம்பும் தூளும் கழிந்து இலையின் அடிப்பக்கத்து ரோமம் மட்டும் பஞ்சாக நிற்கும். எவ்வளவு சலித்திருக்கிறார்களோ அவ்வளவு தரம். பஞ்சை 3 வருடம் பழையதாக்கிப் பயன்படுத்துவது சீன வழக்கம். கிறிஸ்துவுக்கு முந்தைய சீனத் தத்துவ அறிஞர் மென்சியஸின் நூலிலேயே, 7 வருட நோய்க்கு 3 வருட மூலிகையைத் தேடுவது பற்றிய பேச்சு வருகிறது. பழையதாக ஆக இலையின் எண்ணெய் குறைந்து சூடு மிதமாகும் என்பதே காரணம். ஹூபே மாகாணத்தின் சீச்சுன் ஊர் இந்த மூலிகைக்குப் பேர்போனது.

ஸ்டிக்கைப் பிரித்துப் பாருங்கள். பஞ்சு வெளிர் மஞ்சளாக, விரலில் உருட்டினால் மெத்தென்று திரள வேண்டும். பச்சை நிறம் அதிகமாகத் தெரிந்தால் புதுசு. காம்புத் துண்டு தட்டுப்பட்டால் சலிப்பு போதாது. அந்தக் காம்புதான் எரியும்போது பொறியாகத் தெறித்துத் தோலில் விழும். நல்ல ஸ்டிக்கின் சாம்பல் உதிராமல் கொஞ்ச நேரம் பிடித்து நிற்கும். புகையில்லாத கரி ஸ்டிக்கும் உண்டு. அது பற்றவைக்க நேரம் எடுக்கும், சூடும் கூர்மையாகப் பாயும். புகை ஆகாதவர்களுக்கு அது வசதி. ஆனால் இன்னும் 1 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும்.

விநாயகர் சதுர்த்திப் பத்திரிகளில் வரும் மாசிபத்திரியும், பூக்கடையில் மாலையோடு கட்டும் தவனமும் இதே இனத்துச் செடிகள்தான். அதற்காகப் பச்சை இலையைக் காயவைத்துச் சுருட்டிக் கொளுத்தாதீர்கள். எண்ணெய்ப் பசையோடு குபீரென்று எரியும், சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது, புகையில் கண் எரியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென்று ஒரு முக்கியமான சோதனை இருக்கிறது. பார்த்தீனியச் செடி பட்டால் உங்களுக்குத் தோல் தடித்து அரிக்குமா? சாமந்தி பறித்தால் கை புண்ணாகுமா, மூக்கு ஒழுகுமா? பார்த்தீனியம், சாமந்தி, மாக்ஸா மூலிகை மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை இருந்தால் மற்றதற்கும் வரலாம். அப்படிப்பட்டவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், வீட்டில் இளைப்புக்கு ஸ்ப்ரே எடுக்கும் குழந்தை உள்ளவர்கள் மாக்ஸாவை விட்டுவிட்டு வெந்நீர்ப் பையோடு நிறுத்திக்கொள்ளலாம். நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை.

இடமும் ஏற்பாடும்

இரண்டு பக்கமும் காற்றுப் போக வழி இருக்கிற அறை வேண்டும். மின்விசிறி நேராக அடித்தால் சாம்பல் பறக்கும், கனல் தாறுமாறாக எரியும். ஜன்னலைத் திறந்துவிட்டு விசிறியை நிறுத்துங்கள். கேஸ் சிலிண்டர் இருக்கும் சமையலறையில் வேண்டாம். கூரை வீடு, தார்ப்பாய்ப் பந்தல் என்றால் வெளித் திண்ணையில், ஓலைக்கு எட்டாமல் வையுங்கள். கைக்குழந்தை அந்தப் புகையில் இருக்கவே கூடாது.

அருகில் இருக்க வேண்டியவை: பாதி மணல் நிரப்பிய மண் சட்டி, சாம்பல் தட்ட ஒரு அகல், ஈரத் துண்டு, ஒரு சொம்பு தண்ணீர், மெழுகுவர்த்தி, நேரம் பார்க்க செல்போன்.

படுப்பவர் பருத்திப் பாவாடையோ பருத்தி நைட்டியோ உடுத்தட்டும். நைலான், பாலியஸ்டர் மீது ஒரு பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கொலுசு, வெள்ளி அரைஞாண், மெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெள்ளி மளமளவென்று சூடேறும், இழுத்துக் கழற்ற நேரம் இருக்காது. ஸ்டிக் பிடிப்பவர் குனியும்போது தாலிச் சரடும் துப்பட்டாவும் முன்னால் தொங்கும். முதலிலேயே பின்னால் செருகிக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் விளக்கெண்ணெய் தடவியிருந்தால், ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் முடித்து வந்திருந்தால் அன்று எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எண்ணெய்த் தோலில் சூடு சட்டென்று ஏறும்.

புள்ளிகளை அளந்து கண்டுபிடிப்பது

அளவுகோல் படுத்திருப்பவரின் விரல்தான். ஸ்டிக் பிடிப்பவரின் விரலால் அளப்பது பலரும் செய்யும் தப்பு. சுன் என்பது உடம்பை அளக்கும் சீன அளவு. கட்டை விரலின் அகலம் 1 சுன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தால் ஒன்றரை. பெருவிரல் நீங்கலாக நான்கு விரலையும் சேர்த்து வைத்தால் நடுக்கணுவில் 3 சுன்.

வயிற்றில் முதன்மையானது குவான்யுவான், அக்குபங்சர் குறியீட்டில் ரென் 4 என்பார்கள். தொப்புளிலிருந்து நேர் கீழே 3 சுன். இரண்டு மூன்று பிரசவம் கண்ட வயிற்றில் விரல் அளவு தப்பும். மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளுக்கும் அடியில் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவிலுள்ள தூரத்தை 5 சம பங்காக்கி, மேலிருந்து மூன்றாவது பங்கு முடியும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். தொப்புளுக்குக் கீழே ஒன்றரை சுன்னில் சீஹாய், ரென் 6. இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதால் சேர்த்தே சூடு காட்டிவிடலாம். தொடங்குமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும்.

காலில் சான்யின்ஜியாவ், எஸ்பி 6. உள்கணுக்கால் எலும்பின் உச்சியிலிருந்து நான்கு விரல் மேலே, முன்னெலும்பின் பின் விளிம்பை ஒட்டிய பள்ளம். பெண்களின் தொல்லைகளுக்கு அதிகம் சொல்லப்படும் புள்ளி இதுதான். விரலால் அழுத்தினால் மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் பலருக்குச் சுருக்கென்று வலிக்கும். அந்த வலிதான் சரியான இடம் என்பதற்கு அடையாளம். கர்ப்பிணிக்கு இந்தப் புள்ளியைத் தொடக் கூடாது.

சூசான்லி, எஸ்டி 36 முழங்காலுக்குக் கீழே. முழங்காலை மடித்தால் சில்லுக்கு அடியில் வெளிப்பக்கம் ஒரு குழி தெரியும். அதிலிருந்து நான்கு விரல் கீழே, முன்னெலும்பின் முனையிலிருந்து ஒரு விரல் வெளியே. களைப்பு, பசியின்மை, மெலிந்த உடம்பு உள்ளவர்களுக்கு இதையும் சேர்ப்பார்கள்.

வலி இடுப்பில்தான் அதிகம் என்றால் கவிழ்ந்து படுக்கவைத்து, பிட்டப் பிளவுக்கு மேலே உள்ள தட்டையான திரிக எலும்புப் பகுதி முழுக்க உள்ளங்கை அகலத்துக்குச் சூடு காட்டலாம். அங்கே தனிப் புள்ளி தேட வேண்டியதில்லை.

செய்முறை

மாதவிலக்கு வருவதாகக் கணக்கிட்ட நாளுக்கு 5 முதல் 7 நாள் முன்னால் தொடங்கி, தினம் ஒரு முறை. போக்கு தொடங்கியதும் வயிற்றில் காட்டுவதை நிறுத்திவிட்டுக் காலில் மட்டும் காட்டுங்கள். பொழுது சாய்ந்து, சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துச் செய்யலாம். வெறும் வயிற்றிலும், ராகிக் களி வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடும் வேண்டாம். வெயிலில் களையெடுத்து வந்தவர் முதலில் தண்ணீர் குடித்து இளைப்பாறட்டும். படுக்கப் போகும் நேரத்தில் செய்தால் சிலருக்குத் தூக்கம் வராது.

ஸ்டிக்கின் நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் சாய்த்துச் சுழற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் முகம் முழுக்கக் கனலாகும். ஒரு பக்கம் கருப்பாக நின்றால் ஊதி, திரும்பவும் காட்டுங்கள். பாதி கனலோடு தொடங்கினால் சூடு ஒரு பக்கம் குத்தும், இன்னொரு பக்கம் இருக்காது.

முதலில் உடம்பின் பின்பக்கம், பிறகு முன்பக்கம். மேலே முடித்துக் கீழே வருவது என்பது பழைய வரிசை. இடுப்பு, பிறகு வயிறு, கடைசியில் கால்.

ஸ்டிக்கைப் பேனா பிடிப்பது போலப் பிடித்து, சுண்டுவிரல் பக்கத்துக் கையைப் படுத்திருப்பவர் உடம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஊன்றாத கை 5 நிமிடத்தில் தானாக இறங்கும், பலர் சுட்டுக்கொள்வது இப்படித்தான். கனல் தோலுக்கு நேர் மேலே 3 செ.மீ. உயரத்தில். மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் புள்ளிக்கு இரண்டு பக்கமும் தோல் மேல் வையுங்கள். படுத்திருப்பவர் உணரும் சூட்டை உங்கள் விரலும் உணரும். உங்களுக்குச் சுட்டால் அவருக்கும் சுடும், அவர் வெட்கப்பட்டு வாய் திறக்காவிட்டாலும்.

முதல் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. அவசரப்பட்டு இறக்காதீர்கள். அடுத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் இதமான வெதுவெதுப்பு உள்ளே இறங்குவது தெரியும். 'நல்லா இருக்கு' என்பதுதான் அளவு. 'பொறுத்துக்கலாம்' என்றால் கூடிவிட்டது, உடனே 1 செ.மீ. தூக்குங்கள். வயிற்றில் 10 முதல் 15 நிமிடம், ஒவ்வொரு காலிலும் 5 முதல் 10 நிமிடம். இளஞ்சிவப்பு வட்டம் தெரிந்ததும் அந்த இடத்தில் வேலை முடிந்தது, நேரம் மிச்சம் இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். முதல் நாள் இதில் பாதி நேரம் போதும்.

பிடிக்கும் விதம் மூன்று. அசையாமல் ஒரே உயரத்தில் பிடிப்பது மிதமானது, வீட்டுக்கு இதுவே சரி. அகலமான இடத்துக்கு, தோலுக்கு இணையாக வட்டமாகச் சுழற்றுவது. மூன்றாவது, சிட்டுக்குருவி கொத்துவது போல மேலும் கீழும் ஆட்டுவது. அது சூட்டை வேகமாக ஏற்றும், தூரத்தைக் கணக்கிடுவது கடினம். பழகிய கை வேண்டும்.

சாம்பல் அரை செ.மீ. சேர்ந்தாலே தட்டிவிடுங்கள். வயிற்றுக்கு மேலே தட்டாமல், ஸ்டிக்கை அகலுக்குக் கொண்டுபோய்த் தட்டுங்கள். சாம்பல் மூடிய கனல் சூட்டைக் குறைத்துக் காட்டும், அதை நம்பி ஆட்கள் கிட்டே கொண்டுபோவார்கள், சாம்பல் உதிர்ந்ததும் சுரீரென்று சுடும். இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

முடிந்ததும் வயிற்றைத் துணியால் மூடி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியலும் ஐஸ் போட்ட ஜூஸும் வேண்டாம் என்பது மரபு. சிவப்பு சில மணி நேரத்தில் மறைய வேண்டும். மறுநாளும் இருந்தால் நேற்று சூடு அதிகம்.

அணைப்பது தனி வேலை. தண்ணீரில் முக்கினால் ஸ்டிக் வீண். மணலில் நுனியைக் குத்தி 3 செ.மீ. ஆழத்துக்குப் புதையுங்கள், அல்லது கழுத்து குறுகிய கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். வெளியே கருத்துப்போன ஸ்டிக்கின் நடுவில் கனல் வெகுநேரம் உயிரோடு இருக்கும். அரை மணி கழித்து எடுத்து நுனியைத் தொடாமல் கையை அருகே காட்டிப் பாருங்கள், சூடு துளியும் தெரியாவிட்டால்தான் பெட்டிக்குள் போகலாம். துணி அலமாரிப் பக்கம் வைப்பதே வேண்டாம்.

இஞ்சித் துண்டு வைத்துச் செய்வது

வலியோடு குமட்டல், வாந்தி வருபவர்களுக்கு இதைச் சொல்வார்கள். பருத்த இஞ்சியை 2 முதல் 3 செ.மீ. அகலத்தில், 3 மி.மீ. கனத்தில் வட்டமாக நறுக்கி ஊசியால் பல இடத்தில் குத்துங்கள். புள்ளி மேல் வைத்து, அதன் மேல் புளியங்கொட்டை அளவு பஞ்சைக் கூம்பாக உருட்டி நிறுத்தி, நுனியில் ஊதுபத்தியால் பற்றவையுங்கள். மெல்லிசாக நறுக்கினால் சுடும், தடிமனாக நறுக்கினால் சூடே வராது. சுருக்கென்றதும் துண்டோடு தூக்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து வைக்கலாம். 3 முதல் 5 கூம்பு போதும். தொப்புளில் செய்யும்போது காய்ந்த உப்பை மட்டமாக நிரப்பி அதன் மேல் இஞ்சித் துண்டை வைப்பார்கள். இஞ்சி இல்லாமல் உப்பின் மேல் நேராகக் கொளுத்தினால் உப்பு வெடித்துத் தெறிக்கும். இந்த இரண்டையும் கற்றவர் பக்கத்தில் இல்லாமல் முதல் முறை செய்ய வேண்டாம்.

எது தப்பாகப் போகும்

கொப்புளம் வந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், டூத் பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். ஐந்து ரூபாய்க் காசைவிடப் பெரிதானாலோ சீழ் பிடித்தாலோ சுகாதார நிலையம் போங்கள். மஞ்சள் காமாலைக்கும் வயிற்று வலிக்கும் சூடு போடும் வழக்கம் கிராமங்களில் இருந்ததால், தழும்பு விழுந்தால்தான் பலிக்கும் என்று வயதானவர்கள் சொல்லக்கூடும். சீனாவிலும் தோலைப் புண்ணாக்கும் மாக்ஸா முறை ஒன்று இருந்தது. இங்கே சொல்லும் முறையில் தோல் வேகவே கூடாது.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. வீட்டுக்கே மாத்திரை வரும் அம்மாவுக்கு, மகள் ஆசையாகக் காலில் காட்டி, இருவருக்கும் தெரியாமலே தோல் வெந்துபோகலாம். மரத்த இடத்தில் மாக்ஸா கூடவே கூடாது. காய்ச்சல் நாட்கள், புண், சிரங்கு, பருத்து நிற்கும் நரம்பு, முகம், மார்புக் காம்பு இவையும் விலக்கு. மாதவிலக்கு நிற்கும் வயதில் குபீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பவர்கள் அடிவயிற்றில் காட்ட வேண்டாம்.

செய்த பிறகு தலைவலி, வாய் வறட்சி, படபடப்பு வந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள், இரண்டு நாள் விடுங்கள். மறுபடியும் வந்தால் உங்கள் உடம்புக்கு இது ஒத்துவரவில்லை.

எத்தனை மாதம்

ஒரு நோட்டில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: வலி எத்தனை மணி நேரம் இருந்தது, எத்தனை மாத்திரை போட்டீர்கள், எத்தனை நாப்கின். 3 மாதவிலக்குக்குப் பிறகும் மாத்திரை எண்ணிக்கை குறையாவிட்டால் நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுங்கள். கர்ப்பப்பைக் கட்டி, கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்றவை வலிக்குக் காரணமாக இருக்கலாம். வலி மாத்திரையை வீம்புக்கு நிறுத்தவும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தே போகலாம்.

மாதவிலக்கு வலிக்கு மாக்ஸா பற்றிச் சீனாவில் ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. பல சிறியவை. புகையும் சூடும் கண்ணுக்கும் தோலுக்கும் தெரிவதால் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவதும் கடினம். வெதுவெதுப்பு தரும் நிம்மதி உண்மை. அதற்கு மேல் பெரிய வாக்குறுதி கொடுப்பவர்களிடம் கொஞ்சம் எட்டியே இருங்கள். குழந்தைப் பேறுக்கு மாக்ஸா பேக்கேஜ் என்று மாதக் கணக்கில் பணம் வாங்குபவர்களிடம் இன்னும் எட்டி. 35 வயதைத் தாண்டியவர்கள் அந்த மாதங்களை இழக்கக் கூடாது.

பிரசவத்துக்குப் பிறகும், கர்ப்பத்திலும்

பிரசவம் ஆனவர்களுக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வீடுகளில் மாக்ஸாவையும் அதே மாதிரி நினைக்கக் கூடும். மாக்ஸாப் புகை அதைவிடக் கனமாக அறையில் தங்கும். பிறந்த குழந்தை வேறு அறையில் இருக்க வேண்டும். 6 வாரப் பரிசோதனை முடியும்வரை வயிற்றில் வேண்டாம். சிசேரியன் தையல் மேல் தோல் உணர்ச்சி வெகுநாள் மந்தமாக இருக்கும், அங்கே எப்போதும் காட்டாதீர்கள்.

கர்ப்பிணியின் வயிற்றிலும் இடுப்பிலும் மாக்ஸா கிடையாது. கர்ப்பத்தில் சீன மருத்துவம் காலில் மாக்ஸா காட்டச் சொல்லும் ஒரு நிலை உண்டு: குழந்தை தலைகீழாக இல்லாமல் கால் பக்கம் கீழே இருக்கும் நிலை. அதற்கு ஜியின், யூபி 67 என்ற புள்ளி. கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி மூலை. 1998-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில், தலைச்சன் கர்ப்பமாக 33-ஆவது வாரத்தில் இருந்த 260 சீனப் பெண்களில் மாக்ஸா பெற்ற 130 பேரில் 98 பேருக்கு 35-ஆவது வாரத்தில் குழந்தை திரும்பியிருந்தது, பெறாத 130 பேரில் 62 பேருக்கு. 2005-ல் இத்தாலியில் நடந்த ஆய்வு பாதியில் நின்றது, அதில் வித்தியாசம் தெரியவில்லை. பெறாதவர்களிலும் 62 குழந்தைகள் தாமாகவே திரும்பின என்பதையும் கவனியுங்கள்.

இதைச் செய்ய விரும்பினால் மகப்பேறு டாக்டர் சம்மதம் தந்த பிறகு, 33 முதல் 35 வாரத்துக்குள். இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, உதிரப்போக்கு, உயர் ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன் இருந்தால் பேச்சே இல்லை. கர்ப்பிணி சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டட்டும். ஜன்னல் பக்கம், புகை அவர் முகத்துக்கு வராத மாதிரி. சுண்டுவிரல் தோல் மெல்லியது, 2 முதல் 3 செ.மீ. தூரத்தில் இதமான சூடு, ஒவ்வொரு காலுக்கும் 15 நிமிடம், தினம் ஒரு முறை, 7 நாள். வயிறு இறுகி வலி விட்டு விட்டு வந்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ, அசைவு குறைந்தாலோ அந்த நிமிடமே அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். 7 நாள் முடிந்ததும் ஸ்கேன். நடுவில் வயிறு புரண்ட மாதிரி பெரிய அசைவு தெரிந்தால் 7 நாள் வரை காத்திருக்காமல் அன்றே நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுங்கள், திரும்பிய குழந்தைக்கு மேலும் சூடு காட்டும் வேலை இல்லை.